பெலீஸ்: பிள்ளைகளோடு வாலண்டியர் வேலை, டைவிங், மாயா கோயில்கள். எதை முதலில் வைக்கலாம்?

வித்யா_ஹூஸ்டன்:
மார்ச் பள்ளி விடுமுறையில் மத்திய அமெரிக்காவில் இருக்கும் பெலீஸ் நாட்டுக்குப் போகலாம் என்று இருக்கிறோம். நான், கணவர், 13 வயது மகள், 9 வயது மகன், கூடவே ஊரிலிருந்து வந்திருக்கும் மாமியார். கடற்கரையில் படுத்துவிட்டு வருவதில் யாருக்கும் இஷ்டமில்லை. கடல் பாதுகாப்பு வேலை கொஞ்ச நாள், மிச்ச நாள் சுற்றல். மகள் டைவிங் கற்றே ஆக வேண்டும் என்கிறாள். மகனுக்குக் குரங்கும் முதலையும். எனக்கு மாயா கோயில்கள். ஒரு ஏஜென்ட் முதலில் காடு, நடுவில் கோயில்கள், கடைசியில் கடல் என்று போட்டுக் கொடுத்திருக்கிறார். கடைசி நாள் காலையில் டைவ், அன்று மாலையே விமானம். "குட்டி விலங்குகளைத் தூக்கி வளர்க்கும் வேலை" என்றும் ஒன்று இருக்கிறது. போய் வந்தவர்கள் சொல்லுங்களேன். மாமியார் சுத்த சைவம்.

தூத்துக்குடி_ராஜன்:
வித்யா, முதல் வேலையாக அந்தக் கடைசி நாள் டைவை அட்டவணையிலிருந்து எடுத்துவிடுங்கள். அழுத்தத்தில் மூச்சு விடும்போது நைட்ரஜன் ரத்தத்திலும் தசையிலும் கரைந்து தங்கிவிடும். விமானத்துக்குள் காற்றழுத்தம் குறைந்ததும் அது குமிழியாக வெளியே வரும். மூட்டு வலியில் ஆரம்பித்துப் பக்கவாதம் வரை போகக்கூடிய சமாச்சாரம். பல டைவ் அடித்தவர்கள் குறைந்தது 18 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்பது விதி. நான் ஒரு முழு நாள் விடுவேன். இது தெரியாமல் அட்டவணை போடுகிறவரிடம் டைவிங்கை ஒப்படைக்க வேண்டாம்.

மலைக்கும் இதே கணக்குதான், பலர் மறந்துவிடுவார்கள். மாயா கோயில்கள் உள்ள கராக்கோல் கடல் மட்டத்திலிருந்து சுமார் 500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. டைவ் முடித்த மறுநாள் காலையே அங்கே வண்டி ஏறக் கூடாது. அதனால் வரிசையைத் திருப்புங்கள்: முதலில் கடல், அப்புறம் ஒரு நாள் ஆற்றோரம் குரங்கு பார்த்துக்கொண்டு சும்மா இருங்கள், பிறகு கோயில்கள்.

மகளுக்கு 13 என்றால் ஜூனியர் ஓப்பன் வாட்டர் என்ற சிறுவர் டைவிங் சான்றிதழ் தாராளமாகச் செய்யலாம். பாடத்தையும் நீச்சல் குளப் பயிற்சியையும் ஹூஸ்டனிலேயே முடித்துவிட்டு, கடல் டைவ்களை மட்டும் அங்கே வைத்துக்கொள்ளுங்கள். விடுமுறையில் உட்கார்ந்து பரீட்சை எழுத யாருக்குப் பிடிக்கும்? ஆஸ்துமா, காது, சைனஸ் ஏதாவது இருந்தால் மருத்துவர் கையெழுத்து முன்கூட்டியே வேண்டும். மகனுக்குச் சான்றிதழ் கிடையாது, அதற்கு 10 வயது ஆக வேண்டும். ஆனால் 8 வயதிலிருந்தே இரண்டு மீட்டருக்கு உட்பட்ட ஆழத்தில் சிலிண்டர் மாட்டி மூச்சு விட்டுப் பார்க்க விடுவார்கள். ஹோல் சான் கடல் சரணாலயம் பக்கம் ஸ்நார்க்கல் போனால் நர்ஸ் சுறாக்கள் காலடியில் சுற்றும். அதுவே அவனுக்குப் போதும். கிரேட் ப்ளூ ஹோல் என்ற பெரிய கடல் குழியின் படத்தைக் காட்டி யாராவது ஆசை காட்டினால் விட்டுவிடுங்கள். அங்கே பார்க்க வேண்டிய சுண்ணாம்பு விழுதுகள் 40 மீட்டர் ஆழத்தில் இருக்கின்றன, புதுசாகக் கற்றவர்களுக்கான இடம் இல்லை.

வேலை என்று கேட்டால் லயன்ஃபிஷ் திட்டம் உள்ள இடமாகப் பாருங்கள். இந்தியப் பெருங்கடலிலும் பசிபிக்கிலும் இருக்கிற மீன், நம் பக்கம் ஒரு தொந்தரவும் கிடையாது. கரீபியனில் அதை அடக்க ஆள் இல்லை. பெலீஸில் 2008-ல் முதலில் தென்பட்டது, பிறகு பவளப்பாறை முழுக்கப் பரவிவிட்டது. ஒரு பெண் மீன் ஆண்டுக்கு 20 லட்சம் முட்டை வரை இடும். பெரியவர்கள் ஈட்டியால் குத்திக் கொண்டுவருவார்கள். கரையில் மேசை போட்டு, விஷ முள் 18-ஐயும் கத்தரியால் வெட்டி எடுத்த பிறகு பிள்ளைகளிடம் கொடுப்பார்கள். நீளம் அளந்து, வயிற்றைக் கீறி, உள்ளே இருப்பதை எழுத வேண்டும். என் பையன் கீறிய ஒன்றில் விரல் நீளக் கிளிமீன் குஞ்சுகள், செதில்கூட உதிராமல் அடுக்கி வைத்த மாதிரி இருந்தன. அதற்கப்புறம் அவனை அந்த மேசையிலிருந்து கிளப்ப முடியவில்லை. மிச்சமான மீன் எலுமிச்சைச் சாற்றில் ஊறிச் சாப்பாடானது. துடுப்புகளில் அந்த ஊர்ப் பெண்கள் கம்மல் செய்கிறார்கள்.

குட்டி விலங்கு விஷயத்துக்கு என் பதில்: வேண்டவே வேண்டாம். காட்டுக்குத் திரும்ப வேண்டிய குட்டியை வாரத்துக்கு ஒரு புது ஆள் தூக்கிக் கொஞ்சினால் அது மனிதனைத் தேடும், காட்டைத் தேடாது. காசு கட்டினால் யாரையும் தூக்க விடுகிற இடத்தில் விலங்கு நலம் எங்கே இருக்கும்? மனாட்டி நம் ஆவுளியாவின் உறவு. அதைக்கூடப் படகிலிருந்து பார்ப்பதோடு சரி, பக்கத்தில் நீந்த அனுமதி இல்லை.

குரங்குக்கு பெர்முடியன் லேண்டிங் போங்கள். 1985-ல் அங்குள்ள விவசாயிகள் தங்கள் சொந்த நிலத்தில் ஆற்றோர மரங்களை வெட்டுவதில்லை என்று கையெழுத்துப் போட்டு உருவாக்கிய சரணாலயம். ஹௌலர் குரங்கை உள்ளூரில் 'பபூன்' என்பார்கள், குழம்ப வேண்டாம். விடியற்காலை அது போடுகிற சத்தத்தில் மாமியார் பயந்துவிடுவார், முதல் நாள் ராத்திரியே சொல்லி வையுங்கள்.

கார்த்திக்_டொராண்டோ:
ஒரு கேள்வி. இவ்வளவு காசு கட்டி, விமானம் ஏறிப் போய் மீன் வயிறு கீறுவதற்குப் பதில் அந்தக் காசை அங்குள்ள மீனவருக்கே கொடுத்தால் என்ன?

தூத்துக்குடி_ராஜன்:
நியாயமான கேள்வி. அதனால்தான் பதிவு செய்வதற்கு முன் நீங்களும் கேளுங்கள், வித்யா: படகோட்டியும் வழிகாட்டியும் உள்ளூர் ஆட்களா, எழுதி வைக்கிற கணக்கு யாருக்குப் போகிறது, நாங்கள் வராத மாதங்களில் வேலை நடக்கிறதா என்று. இந்த மூன்றுக்கும் மழுப்பினால் அது சுற்றுலாதான், வேறு பெயர் வைத்திருக்கிறார்கள். நேராகப் பதில் சொன்னால் உங்கள் கட்டணம் படகின் டீசலுக்கும் அவர்கள் சம்பளத்துக்கும் போகிறது என்று நம்பலாம்.

செல்வி:
அக்கா, சாப்பாடு பற்றி யாரும் சொல்லவில்லையே. நாங்கள் என் அம்மாவோடு போனோம். தேங்காய்ப்பாலில் வேகவைத்த அரிசியும் சிவப்புக் காராமணி மாதிரிப் பீன்ஸும் எங்கே போனாலும் கிடைக்கும். பார்க்கச் சைவம்தான், ஆனால் பீன்ஸில் உப்புப் போட்ட பன்றி வாலைச் சேர்த்துக் கொதிக்க வைப்பது அங்கே வழக்கம். "மீட் இல்லையே?" என்று கேட்டால் இல்லை என்பார்கள். "பிக்டெய்ல், லார்டு போட்டீங்களா?" என்று பன்றி வாலையும் பன்றிக் கொழுப்பையும் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். ஆங்கிலம்தான் ஆட்சிமொழி, பேச்சுக்குக் கஷ்டமில்லை. காலையில் ஃப்ரை ஜாக் கேளுங்கள், பூரிக்குச் சொந்தக்காரன். அதையும் எதில் பொரித்தார்கள் என்று கேட்டுவிடுங்கள். கேரட் போட்டு அரைத்த மேரி ஷார்ப்ஸ் ஹாபனேரோ சாஸ் மேசைக்கு மேசை இருக்கும். அம்மா பெட்டி நிறைய வாங்கிக்கொண்டு வந்தார்.

கோயிலுக்கு ஷுனான்துனிச் போங்கள். நாங்கள் போனபோது ஆற்றைக் கடக்கக் கையால் சக்கரம் சுற்றும் ஃபெரி, பிள்ளைகளையும் சுற்ற விட்டார்கள். அங்குள்ள பெரிய கோயில் எல் காஸ்டியோ 40 மீட்டர் உயரம், மேலே ஏறினால் குவாத்தமாலா தெரியும். படிகள் செங்குத்து, கைப்பிடி கிடையாது. அம்மா கீழே மரத்தடியில் உட்கார்ந்து இகுவானா பார்த்துக்கொண்டிருந்தார்.

வித்யா_ஹூஸ்டன்:
எல்லாருக்கும் நன்றி. ஏஜென்டிடம் அந்தக் கடைசி டைவைக் கேட்டேன், "எல்லாரும் போகிறார்கள்" என்றார். அவரை விட்டுவிட்டோம். ராஜன், லயன்ஃபிஷ் முள் தவறிக் குத்திவிட்டால்?

தூத்துக்குடி_ராஜன்:
கை பொறுக்கிற அளவு சூடான வெந்நீரில் அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் வரை முக்கி வையுங்கள், சூட்டில் அந்த விஷம் சிதையும். பிறகு மருத்துவரிடம் காட்டுங்கள். மூச்சுத் திணறினால் காத்திருக்க வேண்டாம், உடனே கிளம்புங்கள். வேலை செய்கிற மேசைப் பக்கத்தில் ஃபிளாஸ்க் இருக்கிறதா என்று போன அன்றைக்கே பார்த்துவிடுங்கள்.