எழும்பூர் கோல்கீப்பர் மாஸ்டரிடம் பழகியவர்கள் உண்டா?

புதுப்பேட்டை, ஒரு பையனின் அப்பா:
பெயரைப் போட்டால் கோபித்துக்கொள்வார், அதனால் மாஸ்டர் என்றே எழுதுகிறேன். ஒரு காலத்தில் அலுவலக அணிக்குக் கோல்கீப்பராக நின்றவர். ஓய்வு பெற்றபின் மாலை வேளைகளில் எங்கள் பகுதிப் பிள்ளைகளுக்கு ஹாக்கி சொல்லித் தருகிறார். காசு வாங்குவதில்லை.

நான் கார் சீட் தைக்கிறவன். போன வருடம் கோல்கீப்பர் காலில் கட்டும் லெக்கார்டு ஒரு ஜோடியைத் தோளில் போட்டுக்கொண்டு கடைக்கு வந்தார். வார் அறுந்து, ஓரத்தில் பஞ்சு பிதுங்கியிருந்தது. வாடையோ குடலைப் புரட்டியது. தண்ணீர் தெளித்த ஆஸ்ட்ரோ டர்ஃப் என்கிற செயற்கைப் புல்லில் புரண்டதைக் காயவைக்காமல் மூட்டை கட்டினால் வேறெப்படி இருக்கும்? அம்பாசடர் சீட்டுக்கு வைத்திருந்த ரெக்சினை ஒட்டுக் கொடுத்து, இரட்டைத் தையல் போட்டேன். கூலி வேண்டாம் என்றேன். "அப்படியென்றால் உங்கள் பையனை அனுப்புங்கள்" என்றார். இப்போது அதைக் கட்டிக்கொண்டு நிற்பவன் அவன்தான்.

வியாசர்பாடி, பழைய மாணவன்:
ஐயா, உங்கள் பையனுக்கு முன் அந்த ஜோடியைக் கட்டியவன் நான். ஓட முடியாதவனைக் கோலில் நிறுத்துவது எங்கள் பள்ளி வழக்கம். குண்டாக இருந்ததால் எனக்கு அந்த இடம் தானாகவே கிடைத்தது. மாஸ்டர் ஒருவர்தான் அதைத் தண்டனையாக நினைக்காதவர்.

2023 ஆகஸ்டில் மேயர் ராதாகிருஷ்ணன் மைதானத்தில் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை அரையிறுதி, ஜப்பானுடன். இந்திய அணியின் கோல்கீப்பர் ஸ்ரீஜேஷுக்கு அது 300ஆவது சர்வதேச ஆட்டம். மாஸ்டர் தன் செலவில் டிக்கெட் எடுத்து எங்கள் நான்கு பேரைக் கூட்டிப்போனார். ஒரே நிபந்தனை, பந்தைப் பார்க்கக் கூடாது, ஸ்ரீஜேஷை மட்டும் பார்க்க வேண்டும். இந்தியா 5-0 என்று ஜெயித்தது. ஐந்தில் ஒரு கோலைக்கூட நான் ஒழுங்காகப் பார்க்கவில்லை! ஆனால் பந்து மறுகோடியில் கிடக்கும்போதும் அவர் கையை நீட்டி, கத்தி, தடுப்பாளர்களை இடம் மாற்றிக்கொண்டே இருந்ததைப் பார்த்தேன். கோலில் நிற்பவனுக்கு வாய்தான் முதல் ஆயுதம் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

அடுத்த வருடம் பாரிஸ் ஒலிம்பிக் வெண்கலத்தோடு ஸ்ரீஜேஷ் ஓய்வு பெற்றார். 2025 டிசம்பரில் இந்திய ஜூனியர் அணியின் பயிற்சியாளராக இதே மைதானத்துக்கு வந்து, ஜூனியர் உலகக் கோப்பையில் அர்ஜென்டினாவை வென்று வெண்கலம் வாங்க வைத்தார். அவருடைய அப்பா பசுவை விற்றுக் கோல்கீப்பர் கிட் வாங்கித் தந்த கதை எல்லாருக்கும் தெரியும். அதைச் சொன்னாலே மாஸ்டர் முகம் சுளிப்பார். "எல்லார் வீட்டிலும் மாடு இருக்கிறதா?" என்பார்.

அயனாவரம்:
எனக்குக் கொஞ்சம் கசப்பும் உண்டு. பரீட்சைக்கு மட்டம் போட்டுவிட்டுப் பயிற்சிக்கு வந்தான் என்று என் தம்பியை ஒரு மாதம் உள்ளே விடவில்லை. பையன் தினமும் வேலிக்கு வெளியே நின்றுவிட்டுத் திரும்புவான். இன்றும் அது சரியென்று எனக்குத் தோன்றவில்லை. இத்தனைக்கும் அந்த ஒரு மாதமும் கிட் எங்கள் வீட்டில்தான் இருந்தது, அவர் திருப்பிக் கேட்கவில்லை.

பெரம்பூர்:
கேட்க மாட்டார், எழுதி வைத்துக்கொள்வார். அந்த நோட்டை நீங்கள் யாரும் பார்த்ததில்லையா? எண்பது பக்க நோட்டு, நடுவில் கோடு. இடப்பக்கம் யார் எதை எந்தத் தேதியில் எடுத்துப்போனார்கள், வலப்பக்கம் எப்போது திரும்பியது. ஹெல்மெட், ஷூவுக்கு மேல் கட்டும் கிக்கர், மார்புக் கவசம் எல்லாம் பழையவை. கூட விளையாடியவர்களிடமும் அணிகளிடமும் கேட்டு வாங்கிச் சேர்த்தவை.

நான் சேர்ந்தபோது கோலில் நிற்க வந்த ஒரே பெண் நான்தான். கவசம் இடுப்புக்குக் கீழே தொங்கியது. துப்பட்டாவால் இறுக்கிக் கட்டிக்கொண்டு நின்றேன். சிரித்த பையன்களை அவர் ஒன்றும் சொல்லவில்லை. வரிசையாக நிறுத்தி, என் கோலில் ஆளுக்குப் பத்துப் பந்து அடிக்கச் சொன்னார். பாதிக்கு மேல் உள்ளே போனது, உண்மையைச் சொல்ல வேண்டுமே. மறுநாள் முதல் யாரும் சிரிக்கவில்லை.

போன மாதம் போய்ப் பார்த்தபோது நோட்டைப் புரட்டினேன். என் பெயருக்கு நேரே வலப்பக்கம் இன்னும் காலி. இடது கை கிளவுஸ், ஒன்று. வீட்டில் பரண்மேல்தான் கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.