சூடேறி நின்ற போட் இன்ஜின்: பிஸ்டன் போய்விட்டதா என்று எப்படிப் பார்ப்பது?

கேள்வி

வணக்கம். நாகப்பட்டினம் பக்கம் பைபர் போட் ஓட்டுகிறேன். இன்ஜின் 9.9 ஹெச்பி, இரண்டு சிலிண்டர், டூ ஸ்ட்ரோக், மண்ணெண்ணெயில் ஓடுவது. நேற்று வலை இழுத்துவிட்டுக் கரைக்குத் திரும்பும்போது நல்ல வாடைக்காற்று. அலைத் தெறிப்பில், இன்ஜினைக் குளிர்வித்துவிட்டுப் பின்னால் பீச்சும் தண்ணீர் நின்றுபோனதைக் கவனிக்கவில்லை. பெயிண்ட் கருகும் வாசனை வந்தது, சத்தம் இறுகியது, நின்றேவிட்டது. இன்ஜினின் தண்ணீருக்குள் இருக்கும் அடிப்பகுதியான லெக்கைத் தூக்கினால், தண்ணீர் உறிஞ்சும் சல்லடையை ஒரு பிளாஸ்டிக் பை மூடியிருந்தது.

ஒரு மணி நேரம் ஆறவிட்டு இழுத்தேன், ஸ்டார்ட் ஆனது. ஆனால் பாதி வேகம்தான். ஸ்டார்ட் பண்ண இழுக்கும் கயிறும் இறுக்கமில்லாமல் லேசாக வருகிறது. பட்டறையில் திறந்துகூடப் பார்க்காமல் புது இன்ஜின் வாங்கு என்கிறார்கள். கடன் இன்னும் முடியவில்லை. திறக்காமல் சேதம் தெரிந்துகொள்ள வழி உண்டா?

பதில் 1

தம்பி, இனி ஒரு தடவைகூட ஸ்டார்ட் பண்ணாதீர்கள். கீறல் விழுந்திருந்தால் ஒவ்வொரு சுற்றும் அதை ஆழமாக்கும்.

சிலிண்டருக்குள் அழுத்தம் எவ்வளவு என்று அளக்கும் கம்ப்ரஷன் கேஜ் இரவல் வாங்குங்கள். இரண்டு பிளக்கையும் கழற்றி, பிளக் வயர்களை இன்ஜின் உடம்போடு எர்த் பண்ணிவிடுங்கள். இல்லையென்றால் இக்னிஷன் காயில் போகும். சோக் திறந்திருக்கட்டும், ஆக்சிலேட்டரும் போகிற அளவுக்குத் திறந்திருக்கட்டும். பிளக் ஓட்டையில் கேஜைத் திருகி, முள் மேலே ஏறாமல் நிற்கும்வரை ஐந்தாறு இழுப்பு. இரண்டு சிலிண்டருக்கும் வித்தியாசம் பத்து சதவீதத்துக்குள் இருந்தால் பயமில்லை. குறைந்த சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயில் ஊற்றி மறுபடி பாருங்கள். ஏறினால் பிஸ்டனிலோ அதைச் சுற்றியிருக்கும் ரிங்கிலோ கோளாறு. ஏறவே இல்லையென்றால் சிலிண்டர் மூடியான ஹெட்டுக்கு அடியில் இருக்கும் கேஸ்கெட்டைச் சந்தேகப்படலாம்.

பிளக்கின் வெள்ளைப் பீங்கானை வெயிலில் பிடித்துப் பாருங்கள். மிளகுத்தூள் மாதிரிப் பளபளக்கும் பொடி ஒட்டியிருந்தால் அது பிஸ்டன் அலுமினியம்.

கேட்டவர்

அண்ணே, கீழ் சிலிண்டர் 105, மேல் சிலிண்டர் 60. ஆயில் ஊற்றியதும் மேலது 85 வந்தது. அதன் பிளக்கில் பொடியும் இருக்கிறது.

பதில் 1

அப்படியென்றால் மேல் பிஸ்டன்தான். தண்ணீர் கீழிருந்து மேலே ஏறுவதால், வரத்து நின்றதும் முதலில் காய்வது மேல் சிலிண்டர். ஹெட்டைக் கழற்றுங்கள். உப்பில் இறுகிய போல்ட்டை முறுக்கி உடைத்துவிடாதீர்கள். முதல் நாள் இரவே துரு இளக்கும் எண்ணெய் விட்டு, மறுநாள் கொஞ்சம் சூடுகாட்டித் திருப்புங்கள். சிலிண்டர் சுவரில் புகைபோக்கி ஓட்டை இருக்கும் பக்கம், கீறலில் நகம் மாட்டுகிறதா என்று தடவுங்கள்.

பதில் 2

மன்னாரிலிருந்து எழுதுகிறேன். எங்களுக்கும் இதே நடந்தது. சுவரில் ஒட்டின அலுமினியத்தை ஆசிட் தொட்டு எடுத்து, புது ரிங் போட்டு ஓட்டினோம். நகம் மாட்டாவிட்டால் அது போதும்.

கேட்டவர்

நகம் மாட்டுகிறது. நேர்கோடாக மூன்று கீறல். பிஸ்டனில் மேல் ரிங் அலுமினியத்துக்குள் புதைந்து அசையவே இல்லை.

பதில் 1

அப்போது ஆசிட் வேண்டாம், சிலிண்டர் சுவரைக் கடைந்து பெரிதாக்கும் ரீபோர்தான். முதலில் அதற்கேற்ற ஓவர்சைஸ் பிஸ்டனை வாங்கி லேத்காரர் கையில் கொடுங்கள். அதை அளந்து, அதற்கு ஏற்ற இடைவெளி விட்டு அவர் போர் போடட்டும். மேல் சிலிண்டருக்கு மட்டும் போட்டால் போதும். ஹெட் வளைந்திருக்கிறதா என்று கண்ணாடிப் பலகையில் கவிழ்த்து வைத்துப் பாருங்கள். ஃபிளைவீலைக் கையால் சுற்றும்போது கரகரவென்றால் பேரிங்கும் போயிருக்கிறது. செலவு கூடும், அப்போது மட்டும் புது இன்ஜினை யோசிக்கலாம்.

பையை எடுத்ததோடு தண்ணீர்ப் பிரச்சினை தீர்ந்தது என்று நினைக்காதீர்கள். தண்ணீரை மேலே ஏற்றும் பம்பின் ரப்பர் சக்கரமான இம்பெல்லர், தண்ணீரில்லாமல் சுற்றினால் சில நொடியிலேயே கருகும். லெக்கைக் கழற்றி இறக்கி, இம்பெல்லரின் இறக்கைகளை எண்ணுங்கள். ஒன்று குறைந்தாலும் அந்தத் துண்டு மேலே தண்ணீர்க் குழாயில் எங்கோ அடைத்து நிற்கிறது. எடுக்காமல் பூட்டினால் புதுப் பிஸ்டனும் இதே வழியில் போகும். தண்ணீர் சூடானதும் திறக்கும் வால்வான தெர்மோஸ்டாட் இருந்தால், அதை வெந்நீரில் போட்டு, திறக்கிறதா என்று பாருங்கள்.

கேட்டவர்

எண்ணினேன் அண்ணே, இரண்டு இறக்கை இல்லை. ஒன்று குழாயின் வாயிலேயே கிடைத்தது. இன்னொன்றைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

பதில் 1

கிடைக்கும்வரை பூட்டாதீர்கள். மேலிருந்து நல்ல தண்ணீரை அழுத்தி விடுங்கள், வந்த வழியே இறங்கும்.