நிலத்தடிக் குழாயைக் கம்பி காட்டுமா?

பழைய ஃபிட்டர்: 2017-இல் பிரிட்டனில் உயிரியல் ஆய்வாளர் சாலி லெ பேஜ் விசாரித்தபோது, 12 குடிநீர் நிறுவனங்களில் 10, தம் பணியாளர்களில் சிலர் குழாய் தேட, கையில் பிடித்து நடக்கும் எல் வடிவக் கம்பிகளை இன்னும் பயன்படுத்துவதாக ஒப்புக்கொண்டன. அதைப் பலர் எள்ளி நகையாடினார்கள். முப்பது ஆண்டுகள் குடிநீர்ப் பணியில் இருந்தவன் நான். வரைபடமே இல்லாத தெருக்களில், நிலத்தடிக் குழாய், கேபிள் தேடும் லொக்கேட்டர் கருவி சத்தமே எழுப்பாத இடங்களில், இரண்டு கம்பிகள் ஒன்றன்மேல் ஒன்று குறுக்கிட்ட இடத்தைத் தோண்டிக் குழாயைக் கண்டிருக்கிறேன். பிவிசி குழாயை அந்தக் கருவியால் நேரடியாகக் காண முடியாது.

நில அளவையர்: கருவியைப் பற்றி நீங்கள் சொல்வது உண்மை, ஐயா. உலோகத்தில் ஓடும் மின்னோட்டத்தின் புலத்தைத்தான் அது தேடுகிறது. அந்தக் குறையைக் கம்பி தீர்க்கிறதா என்பதே கேள்வி. 1990-இல் ஜெர்மனியின் காசல் நகரில், அரை மீட்டர் ஆழத்தில் புதைத்த பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் ஓடுகிறதா என்று, இப்படித் தேடும் பழக்கமுள்ள 30 பேரிடம் கேட்டார்கள். சோதனை முறை நியாயமானது என்று பங்கேற்றவர்களே முன்கூட்டி ஒப்புக்கொண்டிருந்தும், விடைகள் காசு சுண்டிப் பார்ப்பதற்கு மேல் தேறவில்லை.

பழைய ஃபிட்டர்: தண்ணீர் ஓடுகிறதா என்பது வேறு, குழாய் எங்கே என்பது வேறு. நான் தேடியது இடத்தை.

நில அளவையர்: சரியான மறுப்பு. இடம் தேடும் சோதனையும் நடந்திருக்கிறது. 1980-களின் பிற்பகுதியில் மியூனிக் ஆய்வாளர்கள் ஒரு களஞ்சியத்தின் கீழ்த்தளத்தில் குழாயை வண்டியில் வைத்து நகர்த்தி, மேல்தளத்தில் பத்து மீட்டர் கோட்டில் நடப்பவரை இடம் சொல்லச் செய்தார்கள். சுமார் 500 பேரிலிருந்து தேர்ந்தெடுத்த 43 பேர், 843 முயற்சிகள். சிலரிடம் திறன் உண்டு என்றே அவர்கள் முடிவு செய்தார்கள். அதே எண்களை மறுஆய்வு செய்த உடலியல் பேராசிரியர் ஜிம் என்ரைட், ஒரு சுற்றில் சிறந்தவர்கள் அடுத்த சுற்றில் அதைக் காட்டவில்லை என்று எடுத்துரைத்தார். உங்கள் வெற்றியை நான் பொய் என்று சொல்லவில்லை. வால்வு மூடியையும், தெருக்குழாயையும், சாலையில் பழைய வெட்டின் மேல் போட்ட ஒட்டையும் முப்பது ஆண்டுகள் பார்த்துப் பழகிய கண் முதலில் இடத்தைக் கணிக்கிறது; கை தன்னை அறியாமல் சற்றே சாய, கம்பி திரும்புகிறது.

மின்பாதைப் பணியாளர்: குழாய் கிடைக்காவிட்டால் இன்னொரு குழி வெட்டலாம். 11 கிலோவோல்ட் கேபிளில் கடப்பாரை பட்டால் வெட்டியவர் உயிரோடு இருப்பாரா? கம்பி அசையாததைக் கண்டு கீழே ஒன்றுமில்லை என்று எண்ணிவிடுவதைத்தான் நான் அஞ்சுகிறேன். வரைபடங்களைக் கேட்டு வாங்கி, லொக்கேட்டரை ஓட்டி, பிளாஸ்டிக் இருக்கக்கூடிய இடத்தில் தரை ஊடுருவும் ரேடாரை இழுத்து (ஈரக் களிமண்ணில் அதுவும் தடுமாறும்), அதன் பிறகு கையால் சோதனைக் குழி வெட்டிக் கண்ணால் பார்த்தாக வேண்டும்.

பழைய ஃபிட்டர்: கேபிளைப் பொறுத்தவரை உங்களோடு உடன்படுகிறேன், மின்பாதை அருகே நான் கம்பியை நம்பியதில்லை. குழாயைப் பொறுத்தவரை என் அனுபவத்தை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. ஆனால் தோண்டி ஏமாந்த குழிகளை நான் ஒருநாளும் எண்ணி வைத்ததில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.