பிக்அப்பில் எதை ஏற்றுவது, டிரெயிலரில் எதை ஏற்றுவது? நெடுஞ்சாலை 400-இல் டிரெயிலரின் வால் ஆடுகிறது, அவசரம்

வடதிசை (செவ்வாய், இரவு 10:40)
எல்லோருக்கும் வணக்கம். வெள்ளி காலை ஸ்காபரோவிலிருந்து ஒன்டாரியோவின் அல்கொன்குவின் பூங்காவில் முகாமிடப் புறப்படுகிறோம். போன ஞாயிறு எங்கள் முகாம் டிரெயிலரைச் சோதனையாக பாரி நகர் வரை இழுத்துப் போனேன். நெடுஞ்சாலை 400-இல் ஒரு பெரிய லாரி எங்களை முந்தியதும் டிரெயிலரின் வால் இடமும் வலமுமாக ஆடத் தொடங்கியது. பிள்ளைகள் பயந்துபோனார்கள். மனைவி இனி அதில் ஏறவே மாட்டேன் என்கிறாள்.
கூலர் பெட்டி, ஜெனரேட்டர், விறகு, நான்கு சைக்கிள்கள், நாற்காலிகள், சமையல் சாமான்கள் இருக்கின்றன. எதைப் பிக்அப்பின் பின்பெட்டியில் வைப்பது, எதை டிரெயிலருக்குள் வைப்பது? யாராவது பட்டியல் தந்தால் அப்படியே ஏற்றிவிடுகிறேன்.

மிசிசாகா குமரன் (செவ்வாய், இரவு 10:58)
என்ன பிக்அப்? டிரெயிலரின் நீளம் என்ன? ஒரு அச்சா, இரண்டு அச்சா? டிரெயிலர் பிரேக்குக்கு வண்டிக்குள் கட்டுப்பாட்டுக் கருவி இருக்கிறதா? எத்தனை பேர் போகிறீர்கள்? இவை தெரியாமல் எவராலும் பட்டியல் தர முடியாது.

சக்கரம் (செவ்வாய், இரவு 11:15)
முதலில் டயரைப் பாருங்கள் தம்பி. குளிர்காலம் முழுவதும் நின்ற டிரெயிலரில் காற்று கட்டாயம் குறைந்திருக்கும். டிரெயிலர் டயரின் பக்கச்சுவரில் அச்சிட்டிருக்கும் அழுத்தத்துக்கு, காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது காற்றடிக்க வேண்டும். பிக்அப்பின் பின்டயர்கள் சாதாரணக் கார் வகையாக இருந்தால் அவற்றின் பக்கச்சுவர் நெளியும், அந்த நெளிவே ஆட்டமாகிவிடும். பலர் எடை எடை என்று அலைந்துவிட்டுக் கடைசியில் டயரில்தான் வந்து நிற்கிறார்கள்.

எடைமேடை (புதன், காலை 6:05)
இந்தக் கேள்வி ஒவ்வொரு மே மாதமும் வருகிறது. ஒவ்வொரு முறையும் கேட்பவர் பட்டியல் கேட்கிறார், எடை ஒன்றையும் சொல்வதில்லை. இழுக்கத் தொடங்கும் முன் படித்திருக்க வேண்டிய அடிப்படை இது. ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். உள்ளே அமர்வோரும் சரக்கும் சேர்ந்து இவ்வளவுக்கு மிகக்கூடாது என்று அதில் போட்டிருக்கும். அந்த எண்ணைப் போடுங்கள், பிறகு பேசலாம். அந்த எண் இல்லாமல் இங்கே யார் என்ன சொன்னாலும் ஊகம்தான்.

ஹிட்ச் அன்பன் (புதன், காலை 7:30)
எடை பகிரும் ஹிட்ச் (பிக்அப்பையும் டிரெயிலரையும் பிணைத்து எடையைப் பகிரும் இணைப்பு) போட்டிருக்கிறீர்களா? பக்கவாட்டு ஆட்டத்தைத் தடுக்கும் உராய்வுத் தண்டு? இரண்டும் இல்லாமல் 400-இல் போவது ஆபத்து. நல்ல ஹிட்ச் ஒன்றை வாங்குங்கள், உங்கள் பிரச்சினை அன்றே தீரும்.

வடதிசை (புதன், பகல் 12:20)
வேலை இடைவேளையில் எழுதுகிறேன். அரை டன் பிக்அப். டிரெயிலர் 24 அடி, இரண்டு அச்சு. பிரேக் கட்டுப்பாட்டுக் கருவி, எடை பகிரும் ஹிட்ச் இரண்டும் இருக்கின்றன. டயருக்குப் போன வாரமே காற்றடித்தேன். அம்மாவோடு சேர்த்து நாங்கள் ஐந்து பேர். ஸ்டிக்கரில் 671.

மிசிசாகா குமரன் (புதன், பகல் 12:34)
671 கிலோவா, பவுண்டா? பவுண்டு என்றால் ஐந்து பேர் ஏறியதுமே முடிந்துவிட்டது.

வடதிசை (புதன், பகல் 12:41)
கிலோ.

எடைமேடை (புதன், பகல் 1:10)
அப்படியானால் ஏறக்குறைய 1,480 பவுண்டு. அலகைக்கூட எழுதாமல் உதவி கேட்டால் எப்படி? சரி. டிரெயிலர் தன் இணைப்பு முனையால் பிக்அப்பின் பின்னால் உள்ள ஹிட்ச் பந்தின்மேல் அழுத்தும் எடையான டங் வெயிட்டும் இந்த 1,480-க்குள்தான் அடங்க வேண்டும். பலர் இதைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. இந்த வகை டிரெயிலருக்கு அது ஏற்றிய மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் இருக்க வேண்டும்.

டெக்சாஸ் மணி (புதன், பகல் 2:02)
நான் ஆஸ்டினில் இருக்கிறேன், இங்கே எல்லோரும் செய்வதைச் சொல்கிறேன். பாரமானவை அனைத்தும் பிக்அப் பின்பெட்டியில், முடிந்த அளவு முன்னால், ஓட்டுநர் அறையின் சுவரை ஒட்டி. டிரெயிலருக்குள் துணிமணியும் தலையணையும் போதும். கூலர், ஜெனரேட்டர், விறகு மூன்றையும் பிக்அப்பில் போட்டுக் கட்டிவிடுங்கள்.

கருங்கரடி (புதன், பகல் 2:25)
மணி அண்ணா, அவர் போவது கரடி நடமாடும் காடு. அல்கொன்குவினில் திறந்த பின்பெட்டியில் கூலரை விட்டுவைக்கக் கூடாது. சாப்பாடு, குப்பை, பற்பசை உட்பட மணக்கிற எல்லாவற்றையும் வண்டிக்குள் பூட்டிவைக்க வேண்டும். கூலர் டிரெயிலருக்குள்ளேயே போகட்டும், அச்சுக்கு நேர் மேலே தரையில்.
இன்னொன்று, விறகை எடுத்துப் போகவே வேண்டாம். பூங்காவில் விற்கிறார்கள், அங்கேயே வாங்குங்கள்.

தோட்டக்காரன் (புதன், மாலை 5:48)
விறகு ஏன் வேண்டாம்? என் வீட்டுப் பின்வளவில் பட்டுப்போன ஆஷ் மரத்தை வெட்டி வைத்திருக்கிறேன், காய்ந்து நன்றாக எரிகிறது. பூங்காவில் ஒரு சிறு பைக்குக் கேட்கிற விலை அநியாயம். சொந்த விறகை எரிக்க ஒருவர் சொல்லித்தான் அனுமதி வர வேண்டுமா?

கருங்கரடி (புதன், மாலை 6:10)
அந்த ஆஷ் மரம் எதனால் பட்டது என்று யோசித்தீர்களா? மரகதத் துளைப்பான் என்ற பச்சை வண்டு 2002-இல் ஒன்டாரியோவின் விண்ட்சரில் கண்டுபிடிக்கப்பட்டது. அதன் புழு பட்டைக்கு அடியில் வளைந்து வளைந்து தின்று, மரத்துக்குள் நீரும் உணவும் ஓடும் வழியை அறுத்துவிடும். வண்டு தானாகப் பறக்கும் தூரம் குறைவு. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தாண்டி அது வருவது நம்முடைய விறகுக் கட்டுகளில்தான். கட்டுப்பாட்டு எல்லைக்கு வெளியே விறகைக் கொண்டுபோவதைக் கனடிய உணவு ஆய்வு முகமை தடுப்பதும் இதற்காகத்தான்.

தோட்டக்காரன் (புதன், மாலை 6:31)
என் விறகு காய்ந்தது என்றேன். காய்ந்த கட்டையில் புழு எப்படி உயிரோடு இருக்கும்?

கருங்கரடி (புதன், மாலை 6:44)
வெயிலில் காய்ந்ததும் சூளையில் வெப்பம் ஏற்றி உலர்த்தியதும் ஒன்றல்ல. வெட்டிப் போட்ட கட்டைக்குள் இருக்கும் புழு அடுத்த கோடையில் வண்டாகி வெளியே வரும்.

மார்க்கம் அக்கா (புதன், இரவு 8:15)
விறகுச் சண்டையைச் சற்று நிறுத்துங்கள், தம்பிக்கு ஒரு நாள்தான் இருக்கிறது.
வடதிசை, நீங்கள் சொல்லாத ஒன்றைக் கேட்கிறேன். சைக்கிள்கள் எங்கே இருந்தன? டிரெயிலரின் பின்பம்பரில் தாங்கி மாட்டி நான்கையும் தொங்கவிட்டீர்களா? ஜெனரேட்டர் எந்தப் பக்கம்? தண்ணீர்த் தொட்டி நிரம்பியிருந்ததா?

வடதிசை (புதன், இரவு 8:50)
ஆம் அக்கா, சைக்கிள்கள் பின்பம்பரில். முதலில் ஜெனரேட்டரும் கருவிப்பெட்டியும் டிரெயிலரின் முன்அறையில் இருந்தன. பிக்அப்பின் பின்பக்கம் மிகவும் தாழ்ந்து முகப்பு விளக்கு வானத்தைப் பார்த்தது. அதனால் இரண்டையும் டிரெயிலரின் பின்கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். பிறகு தாழ்வு குறைந்துவிட்டது. தண்ணீர் முழுத் தொட்டி, 40 கேலன்.

மார்க்கம் அக்கா (புதன், இரவு 9:20)
காரணம் அங்கேதான் இருக்கிறது. பிக்அப்பின் தாழ்வு குறைந்தது முனை எடை, அதாவது டங் வெயிட், குறைந்ததால்தான். அச்சுக்குப் பின்னால் பாரம் ஏற ஏற முனை மேலே கிளம்பப் பார்க்கும். லாரி முந்தும்போது அது தள்ளும் காற்று முதலில் டிரெயிலரின் பின்பக்கத்தைத்தான் அடிக்கிறது. வால் கனமாக இருந்தால் அந்த ஒரு தள்ளலே அடுத்தடுத்த வீச்சாகப் பெருகும். சைக்கிள்கள் எடை குறைவு என்று தோன்றும். ஆனால் அவை இருப்பது அச்சிலிருந்து அத்தனை தூரத்தில், கடைக்கோடியில். அங்கே ஏறும் ஒவ்வொரு பவுண்டும் முனையிலிருந்து அரைப் பவுண்டுக்கு மேல் தூக்கிவிடும்.
நாளை மாலை வீட்டு வாசலிலேயே அளந்துவிடுங்கள். குளியலறையில் எடை பார்க்கும் கருவி போதும். பிக்அப்பிலிருந்து கழற்றி, டிரெயிலர் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். நான்கடிக்குக் குறையாத கனமான பலகை ஒன்றை எடுங்கள். அதன் ஒரு முனைக்கு அடியில் ஒரு குழாய்த் துண்டு, அங்கிருந்து சரியாக மூன்றடியில் இன்னொரு குழாய்த் துண்டு. இரண்டாவது துண்டு எடைக்கருவியின் மேல் இருக்க வேண்டும், முதலாவது அதே உயரமுள்ள செங்கல்லின் மேல். செங்கல் பக்கத்துக் குழாயிலிருந்து ஒரு அடி தள்ளி டிரெயிலரின் முன்முனையைத் தாங்கும் ஜாக்கின் பாதத்தை மெல்ல இறக்குங்கள். டிரெயிலர் சமமட்டமாக நிற்க வேண்டும். கருவி காட்டும் எண்ணை மூன்றால் பெருக்கினால் டங் வெயிட். ஜாக் இறங்கும்போது பலகைக்கு அருகில் பிள்ளைகள் வேண்டாம்.

ஹிட்ச் அன்பன் (புதன், இரவு 9:41)
எடை பகிரும் ஹிட்ச் இருக்கிறதே, அதன் சங்கிலியை இன்னும் ஒரு கண்ணி இறுக்கினால் போதாதா?

எடைமேடை (புதன், இரவு 10:02)
போதாது. அந்த ஹிட்ச் பிக்அப்பின் பின்அச்சில் விழும் பாரத்தில் ஒரு பகுதியை முன்அச்சுக்கும் டிரெயிலர் அச்சுகளுக்கும் நகர்த்துகிறது, அவ்வளவுதான். ஸ்டிக்கரில் உள்ள எண்ணை அது உயர்த்தாது, வால் கனத்த டிரெயிலரையும் திருத்தாது. அக்கா சொன்னபடி அளக்கட்டும். அதன்பின் லாரிகள் நிற்கும் எரிபொருள் நிலையத்தில் உள்ள ‘கேட்’ (CAT) நிறுவன எடைமேடைக்குப் போகட்டும். முன்அச்சு, பின்அச்சு, டிரெயிலர் மூன்றும் தனித்தனியாகச் சீட்டில் வரும்.

தோட்டக்காரன் (புதன், இரவு 10:20)
கருங்கரடி, சூளை விறகுக்கும் காசு, பூங்கா விறகுக்கும் காசு. காட்டைக் காப்பது ஏழையின் பையிலிருந்துதானா?

கருங்கரடி (புதன், இரவு 10:37)
செலவு பற்றிய உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தக் கட்டையை உங்கள் வீட்டுக் குழியிலேயே எரிக்கலாம், தடையில்லை. வண்டியில் ஏற்றி வடக்கே கொண்டுபோகாதீர்கள் என்றுதான் கேட்கிறேன். எங்கள் தெருவில் வரிசையாக நின்ற ஆஷ் மரங்களில் இன்று ஒன்றுகூட இல்லை.

வடதிசை (வியாழன், மாலை 7:25)
வழியில் எடைமேடையிலும் ஏற்றிவிட்டு வந்தேன். ஞாயிறு இருந்தபடியே ஏற்றியதில் டிரெயிலர் மொத்தம் 5,600 பவுண்டு. வாசலில் கருவி காட்டியது 140, மூன்றால் பெருக்கினால் 420.

மார்க்கம் அக்கா (வியாழன், மாலை 7:48)
7.5 சதவீதம். வால் ஆடாமல் இருந்தால்தான் வியப்பு. 560-க்கு மேல் இருக்க வேண்டும்.
இப்போது கவனமாகக் கேளுங்கள். முனையில் எடையைக் கூட்டினால் அது பிக்அப்பின் 1,480-இலிருந்து கழியும். ஐந்து பேரின் எடை, ஹிட்சின் எடை, பின்பெட்டிச் சாமான் எல்லாம் அதே கணக்கில் வரும். ஆகவே டிரெயிலரிலிருந்து எடுத்ததை எல்லாம் பிக்அப்பில் கொட்ட முடியாது. எதை வீட்டில் விடுவது என்பதுதான் முதல் கேள்வி. மின்வசதி உள்ள இடம் பதிவு செய்திருக்கிறீர்களா?

வடதிசை (வியாழன், மாலை 7:55)
ஆம், பூங்காவின் மியூ ஏரி முகாமில் மின்சாரத்தோடு.

மார்க்கம் அக்கா (வியாழன், இரவு 8:12)
அப்படியானால் ஜெனரேட்டர் வீட்டில் இருக்கட்டும். தண்ணீரைத் திறந்து விட்டுவிடுங்கள், 40 கேலன் என்பது 330 பவுண்டுக்கு மேல். பூங்காவிலேயே நிரப்பிக்கொள்ளலாம், வழிக்கு ஒரு குடம் போதும். பின்பம்பர்த் தாங்கியைக் கழற்றிவிட்டுச் சைக்கிள்களைப் பிக்அப் பின்பெட்டியில் படுக்கவையுங்கள், நாற்காலிகளும் அங்கேயே. கூலரும் அரிசி, பாத்திரங்களும் டிரெயிலர் அச்சுக்கு மேலே அல்லது சற்று முன்னால், தரைமட்டத்தில், நகராதபடி. கருவிப்பெட்டி மீண்டும் முன்அறைக்கு. விறகு வேண்டாம், இதில் நான் கருங்கரடியின் பக்கம்.
மறுபடி அளங்கள். முனை எடை 500 பவுண்டைத் தாண்டும். பல அரை டன் வண்டிகளில் ஹிட்ச் குழாயின் ஸ்டிக்கர் அதற்குமேல் எடை பகிரும் ஹிட்ச் கட்டாயம் என்கிறது. உங்களிடம் இருப்பதைச் சரியாகப் பூட்டுங்கள். டிரெயிலரை மாட்டும் முன்னும் மாட்டிய பின்னும் முன்சக்கர வளைவின் உயரத்தை அளந்து பாருங்கள். மாட்டியபின் முன்பக்கம் மேலெழுந்திருந்தால், உயர்ந்ததில் பாதியாவது இறங்கும்வரை எடை பகிரும் ஹிட்சின் தண்டுகளை இறுக்குங்கள். சரியான அளவை வண்டியின் கையேடு சொல்லும்.

சக்கரம் (வியாழன், இரவு 8:40)
டயர் தயாரித்த வாரமும் ஆண்டும் பக்கச்சுவரில் நான்கு இலக்கமாக இருக்கும். அதையும் பார்த்துவிடுங்கள்.

மிசிசாகா குமரன் (வியாழன், இரவு 9:05)
மீண்டும் ஆடினால் பிரேக்கை மிதிக்காதீர்கள், வேகத்தைக் கூட்டியும் பார்க்காதீர்கள். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை மெல்ல எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, கட்டுப்பாட்டுக் கருவியின் கைவிசையால் டிரெயிலர் பிரேக்கை மட்டும் அழுத்துங்கள். அது பின்னாலிருந்து இழுத்து வாலை நேராக்கும். அந்த விசை எங்கே இருக்கிறது என்று கை இருட்டிலும் அறிந்திருக்க வேண்டும். புறப்படும் முன் தெருவில் ஒருமுறை பழகிப் பாருங்கள்.

வடதிசை (சனி, காலை 9:12)
வந்து சேர்ந்துவிட்டோம். புறப்படும் முன் முனை எடை 600, டிரெயிலர் 4,990. பிக்அப்பில் ஆட்கள் 620, ஹிட்ச் 80, சைக்கிளும் நாற்காலியும் 150, முனையோடு சேர்த்து 1,450. மணிக்கு 95 கிலோமீட்டர் வேகத்தில் வந்தோம். லாரிகள் முந்தியபோது லேசாகத் தள்ளியது, ஆடவில்லை. விறகு இங்கே வாங்கினோம். எல்லோருக்கும் மிக்க நன்றி, இங்கே இணைப்பு சரியாகக் கிடைப்பதில்லை.

எடைமேடை (சனி, காலை 10:30)
முப்பது பவுண்டுதான் மிச்சம். திரும்பும் வழியில் கடையில் நின்று எதுவும் வாங்கிப் பின்பெட்டியில் போடாதீர்கள். திரும்பும்போது கழிவுநீர்த் தொட்டிகள் நிரம்பியிருக்கும், எடை இடம் மாறியிருக்கும். பூங்காவை விட்டு வெளியேறும் முன் அவற்றை அங்குள்ள கழிவுநீர் நிலையத்தில் காலிசெய்துவிட்டுத்தான் நெடுஞ்சாலை ஏற வேண்டும்.

மார்க்கம் அக்கா (ஞாயிறு, மாலை 4:15)
வடதிசை, உங்கள் கழிவுநீர்த் தொட்டிகள் அச்சுக்கு முன்னாலா, பின்னாலா? புறப்படும் முன் அதை மட்டும் எழுதுங்கள்.