ஸ்லீவ் ஆபரேஷன் முடிந்து 5 மாதம்: போன பசி திரும்பி வந்துவிட்டது, வயிறு விரிந்துவிட்டதா?

வைகைக்கரை:

தங்கைக்கு வயது 34, உயரம் 158 செ.மீ. எடை குறைக்கும் ஸ்லீவ் ஆபரேஷன் முடிந்து 5 மாதம் ஆகிறது. 112 கிலோவிலிருந்து 88-க்கு வந்திருக்கிறாள். சுகர், பிரஷர் கிடையாது. முதல் 2 மாதம் பசியே இல்லை, கடிகாரத்தைப் பார்த்துத்தான் சாப்பிட வைத்தோம். இப்போது 2 வாரமாக நேரங்கெட்ட நேரத்தில் பசிக்கிறது என்கிறாள்.

காலை 8 மணிக்கு ஓட்ஸ் கஞ்சி ஒரு டம்ளர், பாலும் 2 ஸ்பூன் நாட்டுச் சர்க்கரையும் சேர்த்து. 10 மணிக்கெல்லாம் பசி, கூடவே கை நடுக்கம், வியர்வை. மதியம் குழைத்த ரசம் சாதம் 6 ஸ்பூன், நடுநடுவே தண்ணீர். 3 மணிக்கு மறுபடி பசி. 4 மணிக்கு டீ, மாரி பிஸ்கட் 3. இரவு 8 மணிக்கு சாம்பாரில் ஊறிய இட்லி 2. 9:30-க்கு வயிறு காந்துகிறது என்று ஒரு டம்ளர் பால் குடித்துவிட்டுப் படுத்துவிடுகிறாள்.

போன மாதம் சிக்கன் ஃப்ரை 2 துண்டு சாப்பிட்டு, நெஞ்சில் அடைத்து, வெள்ளை நுரையாக வாந்தி வந்தது. அதிலிருந்து கறி, மீன் பக்கமே போவதில்லை.

வயிறு விரிந்துவிட்டதா? 5 நாள் திரவ உணவுக்குத் திரும்பினால் வயிறு மறுபடி சுருங்கும் என்று ஒரு வாட்ஸாப் குழுவில் சொல்கிறார்கள். செய்யலாமா?

அரைக்கரண்டி:

விரியவில்லை. 6 ஸ்பூன் சாதத்தில் நிறைகிற வயிறு விரிந்த வயிறு இல்லை. அந்த 5 நாள் திரவ உணவு வேண்டவே வேண்டாம், பசி இன்னும் கூடும். ஏன் என்று சொல்கிறேன்.

ஸ்லீவில் இரைப்பையின் முக்கால் பாகத்துக்கு மேல் எடுத்துவிடுகிறார்கள். மீதி இருப்பது வாழைப்பழம் போல ஒடுங்கிய குழாய். வெட்டி எடுத்த மேல்பகுதியில்தான் க்ரெலின் என்ற பசி ஹார்மோன் அதிகம் சுரக்கும். அதனால்தான் முதல் 2 மாதம் பசி தெரியவில்லை. ஆனால் க்ரெலின் முழுக்க ஒழிந்துபோவதில்லை, எடை இறங்க இறங்க உடம்பும் சாப்பாட்டைக் கேட்கத் தொடங்கும். மூன்றாவது மாதத்திலிருந்து ஆறாவது மாதத்துக்குள் பசி எட்டிப் பார்ப்பது எதிர்பார்த்த ஒன்றுதான். ஆபரேஷன் வீணாகிவிட்டது என்று தங்கை பயப்பட வேண்டாம்.

இப்போது தட்டைப் பாருங்கள். வயிற்றின் கீழ்முனையில் பைலோரஸ் என்ற வால்வு ஸ்லீவுக்குப் பிறகும் அப்படியே இருக்கிறது. திடமான உணவை அது தடுத்து நிறுத்தி, கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே விடும். அந்தக் கொஞ்ச நேரம்தான் "வயிறு நிறைந்தது" என்ற உணர்வு. கஞ்சி, குழைந்த சாதம், டீயில் கரைந்த பிஸ்கட் எதுவும் அங்கே நிற்காது. சாப்பிடும்போதே தண்ணீரும் குடித்தால் இருக்கிற கொஞ்சத்தையும் கழுவி இறக்கிவிடும்.

நீங்கள் எழுதியதில் புரதம் எவ்வளவு என்று தோராயமாகக் கூட்டிப் பார்த்தேன். ஓட்ஸ் கஞ்சி 6 கிராம், ரசம் சாதம் 2, டீயும் பிஸ்கட்டும் 3, இட்லி சாம்பார் 6, இரவுப் பால் 5. மொத்தம் 22. ஒரு நாளைக்கு 60 முதல் 80 கிராம் வேண்டும். இவ்வளவு குறைந்தால் கொழுப்போடு சதையும் கரையும், முடி கொட்டும், பசியும் அடங்காது.

மாற்ற வேண்டியது வரிசை. முதல் வாய் எப்போதும் புரதம், அடுத்து காய், இடம் இருந்தால் கடைசியில் சாதமோ இட்லியோ. காலையில் ஒரு முழு முட்டையும் ஒரு வெள்ளைக்கருவும் பொடிமாஸாக, ஈரம் காயாமல் இறக்கினால் 10 கிராம். 11 மணிக்கு வடிகட்டிய கட்டித்தயிர் 100 கிராம், 8 கிராம். மதியம் குழம்பில் வெந்த மீன் 70 கிராம், 14 கிராம். 4 மணிக்குப் பனீர் 40 கிராம், 7 கிராம். இரவு கொத்துக்கறியாக வேகவைத்த கோழி 45 கிராம், 12 கிராம். சர்க்கரை போடாத பால் ஒரு டம்ளர் மாலை 6 மணிக்கு, 6 கிராம். 2 ஸ்பூன் கெட்டிப்பருப்பும் பாதி இட்லியும் எங்காவது சேர்ந்தால் 60-ஐத் தொட்டுவிடும். தொடாத நாளில் வே புரோட்டீன் பவுடர் ஒரு ஸ்கூப், 20 முதல் 25 கிராம் வரை கிடைக்கும். ஆனால் அதுவும் திரவம்தான். கணக்கு நிறையும், வயிறு நிறையாது. அதை வேளைச் சாப்பாட்டுக்குப் பதிலாக வைக்காதீர்கள்.

தண்ணீர் 1.5 முதல் 2 லிட்டர், ஆனால் சாப்பாட்டோடு இல்லை. சாப்பிட அரை மணி நேரம் முன்பே நிறுத்தி, முடித்து அரை மணி கழித்துத் தொடங்கணும். பாட்டிலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாய் வாயாக உறிஞ்சினால்தான் கணக்கு எட்டும்.

சிக்கன் விஷயம். குற்றம் கறியில் இல்லை, ஃப்ரையில். நெஞ்சுப்பகுதிக் கறி காய்ந்துபோனால் நார்நாராகத் திரண்டு குழாயின் வாயில் கட்டையாக நிற்கும். உமிழ்நீர் அதற்குமேல் தேங்கி நுரையாக வெளியே வரும். முதலில் மீனில் தொடங்குங்கள், வஞ்சிரமோ சங்கராவோ, முள் எடுத்து, குழம்போடு. அது 4, 5 தடவை ஒத்துக்கொண்ட பிறகு தொடைக்கறியைக் கொத்தி, குக்கரில் குழைய வேகவைத்து 30 கிராம் மட்டும். ஒவ்வொரு வாயும் பட்டாணி அளவு, டீஸ்பூனில். 20 முதல் 30 தடவை மெல்லணும். வேளைக்கு 20 நிமிடத்துக்குக் குறைய வேண்டாம், அரை மணியைத் தாண்டவும் வேண்டாம். நேற்றைய கறியைச் சுட வைத்தால் இன்னும் வறளும், அதனால் குழம்பில்லாமல் சுட வைக்காதீர்கள்.

ஒரு விக்கலோ ஏப்பமோ மூக்கில் நீரோ வந்தால் அதுதான் வயிறு அடிக்கும் மணி. பலருக்கு அது வயிறு கனப்பதற்கு முன்பே வந்துவிடும். அதற்குப் பிறகு "இன்னும் ஒரே ஒரு வாய்" என்று வீட்டில் யாரும் ஊட்ட வேண்டாம். அந்த ஒரு வாய்தான் நுரையாக வருவது. அடைத்துக்கொண்டால் தண்ணீர் ஊற்றி இறக்கப் பார்க்காதீர்கள். எழுந்து நடக்க வைத்துக் காத்திருங்கள்.

வார்டு_7:

மேலே சொன்னதோடு, அந்த 10 மணி நடுக்கத்தைத் தனியாகக் கவனியுங்கள். அதைப் பசின்னு மட்டும் நினைச்சு விட்டுடாதீங்க.

பால், ஓட்ஸ், நாட்டுச் சர்க்கரை மூணும் சேர்ந்து குடலுக்குள்ளே வேகமா இறங்கினா ரத்தத்தில் சர்க்கரை சட்டுனு ஏறும். உடம்பு அதுக்கு இன்சுலினைக் கொட்டும். 1 முதல் 3 மணி நேரத்துக்குள்ளே சர்க்கரை கீழே விழும். நடுக்கம், வியர்வை, படபடப்பு, அடங்காத பசி. லேட் டம்பிங்னு சொல்றது இதைத்தான். எடை குறைக்க வயித்துல செய்யற பைபாஸ், மினி பைபாஸ் ஆனவங்களுக்கு அதிகம், ஸ்லீவ் ஆனவங்களுக்கும் வரும். நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, தேன் எல்லாம் இந்த விஷயத்தில் வெள்ளைச் சர்க்கரைதான்.

சாப்பிட்ட 10 முதல் 30 நிமிடத்திலேயே வயிற்றுப் பிடிப்பு, படபடப்பு, பேதி வந்தா அது வேற, எர்லி டம்பிங். நீங்க சொல்ற நேரத்தைப் பார்த்தா அது மாதிரி தெரியலை.

நடுக்கம் வர்ற அந்த நிமிஷத்திலேயே குளுக்கோமீட்டரில் குத்திப் பாருங்க. 70-க்குக் கீழே இருந்தா குளுக்கோஸ் பவுடர் 15 கிராம், அதாவது தலைதட்டின 3 டீஸ்பூன், கொஞ்சம் தண்ணீரில் கரைச்சுக் கொடுங்க. 15 நிமிஷம் கழிச்சு மறுபடி பாருங்க. ஏறினதும் ஒரு முட்டை வெள்ளைக்கருவோ ஒரு துண்டு பனீரோ கொடுத்தே ஆகணும், இல்லைன்னா அந்த குளுக்கோஸே அடுத்த சரிவை இழுத்துவிடும். 54-க்குக் கீழே வந்தா, பேச்சு குழறினா, மயக்கம் வந்தா உடனே ஆஸ்பத்திரி. நினைவு இல்லாதவங்க வாயில் எதையும் ஊத்தாதீங்க.

வேற யாருக்காவது இது வந்து, அவங்க சுகர் மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறவங்களா இருந்தா காரணம் அந்த டோஸாவும் இருக்கலாம். ஆபரேஷனுக்கு முந்தின டோஸ் இப்போ பொருந்தாது.

மருந்துச்சீட்டு:

இரவு 9:30 காந்தல் பசி மாதிரி எனக்குத் தோன்றவில்லை, அமிலம். ஸ்லீவுக்குப் பிறகு எதுக்களிப்பு கூடுவது உண்டு. அமிலம் சுரண்டுவதும் பசியும் ஒரே இடத்தில்தான் உணரப்படும், அதனால் ஆள் ஏமாந்துபோவார். பால் குடித்தால் கொஞ்ச நேரம் அடங்கும், அடுத்து அதிகமாகச் சுரக்கும். குடித்த உடனே படுப்பது அதைவிட மோசம்.

ஆபரேஷனுக்குப் பிறகு அமிலத்தைக் குறைக்க பேன்டோபிரசோல் அல்லது அது மாதிரி ஒரு மாத்திரை எழுதியிருப்பார்கள். நிறுத்தியாகிவிட்டதா, யார் நிறுத்தச் சொன்னது என்று பாருங்கள். சர்ஜனிடம் கேட்டுத் திரும்பத் தொடங்கினால், காலையில் சாப்பிட அரை மணி முன்பு வெறும் வயிற்றில். சாப்பிட்ட பிறகு போட்டால் பாதிப் பலன்தான். இரவுச் சாப்பாட்டை 7 மணிக்கு முடித்து, படுக்க 3 மணி நேரம் இடைவெளி விடுங்கள்.

தலைவலி, மூட்டுவலிக்கு டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென், ஆஸ்பிரின் எதையும் தானாக வாங்கிக் கொடுக்காதீர்கள். வயிற்றைக் குடைந்து புண்ணாக்கும். பாராசிட்டமால் போதும்.

சத்து மாத்திரைகளில் நடக்கும் தப்பு நேரத்தில்தான். கால்சியம் சிட்ரேட்டாக இருக்கட்டும், கார்பனேட் கரைய அமிலமும் சாப்பாடும் வேண்டும். நாளுக்கு 1200 முதல் 1500 மி.கி., ஒரே தடவையில் 500-க்கு மேல் போனால் உடம்பு முழுதாக எடுக்காது, அதனால் 3 வேளையாகப் பிரியுங்கள். இரும்புச்சத்து மாத்திரைக்கும் கால்சியத்துக்கும் 2 மணி நேரம் இடைவெளி. இரும்பை டீயோடு போட்டால் போடாதது மாதிரிதான். பி12 ஆயுசுக்கும் வேண்டும், எடை இறங்கியதும் நிறுத்துகிற மாத்திரை இல்லை அது.

ஒரு எச்சரிக்கை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். வாந்தி ஒரு நாளைத் தாண்டித் தொடர்ந்தாலோ, கால் மரத்து நடை தள்ளாடினாலோ, பார்வை இரண்டிரண்டாகத் தெரிந்தாலோ தயமின் என்ற பி1 வற்றிப்போயிருக்கலாம். நேராக ஆஸ்பத்திரி. அங்கே எடை குறைப்பு ஆபரேஷன் ஆனவர் என்று முதலிலேயே சொல்லுங்கள். தயமின் ஏற்றாமல் வெறும் குளுக்கோஸ் டிரிப் போட்டால் மூளையைப் பாதிக்கும்.

வைகைக்கரை:

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. ஆசிட் மாத்திரை ரெண்டு மாதம் முன்னால் தீர்ந்ததும் நாங்களே விட்டுவிட்டோம். இன்று காலை அதே கஞ்சிதான் குடித்தாள், 10:10-க்கு நடுங்கும்போது பார்த்தால் 62. குளுக்கோஸும் பனீரும் கொடுத்துச் சரியானது. நாளையிலிருந்து கஞ்சி கிடையாது.

இன்னும் இரண்டு கேள்வி. வெள்ளி, சனியும் புரட்டாசி முழுக்கவும் வீட்டில் சைவம், முட்டையும் இல்லை. அந்த நாட்களில் 60 கிராம் எப்படி? அப்புறம், நிஜப் பசியா, வாய் கேட்கிறதா என்று அவளாலேயே பிரிக்க முடியவில்லை.

அரைக்கரண்டி:

62-ஐ இன்றே சர்ஜனுக்குப் போன் போட்டுச் சொல்லுங்கள். அடுத்த செக்கப் வரை வைத்திருக்க வேண்டாம்.

சைவ நாளில் பனீர், கட்டித்தயிர், சோயா உருண்டை, பயறு நான்கையும் சுற்றி வாருங்கள். அரை லிட்டர் தயிரை மெல்லிய வேட்டித் துணியில் கட்டி, கீழே கிண்ணம் வைத்து, ஃபிரிட்ஜில் 5 மணி நேரம் தொங்கவிட்டால் பாதியாகக் கெட்டிப்படும். சீரகமும் உப்பும் போட்டு அப்படியே ஸ்பூனில் சாப்பிடலாம். சோயா உருண்டை காய்ந்த எடையில் 20 கிராம் எடுத்தால் 10 கிராம் புரதம். வெந்நீரில் ஊறவைத்துப் பிழிந்து, மிக்ஸியில் ஒரு சுற்று விட்டு, கொத்துக்கறி மாதிரி மசாலாவில் வேகவையுங்கள். முழு உருண்டையாகக் கொடுத்தால் ரப்பர் மாதிரி அடைக்கும். கொண்டைக்கடலையை வேகவைத்துத் தோலுரித்து மசியுங்கள், தோலோடு சுண்டலாக இப்போதைக்கு வேண்டாம். முருங்கைக்காய்ச் சக்கை, கீரைத்தண்டு, ஆரஞ்சுச் சுளையின் தோல் மூன்றும் உள்ளே உருண்டு கட்டிக்கொள்ளும், தவிர்த்துவிடுங்கள். இவ்வளவு செய்தும் முட்டையில்லாத நாளில் 45-ஐத் தாண்டுவது கஷ்டம், அதனால் அந்த நாட்களில் பவுடர் ஒரு ஸ்கூப் கட்டாயம். சனிக்கிழமை ஒருவேளை விரதம் இந்த வருஷம் வேண்டாம் என்று அம்மாவிடம் எடுத்துச் சொல்லுங்கள்.

பசியைப் பிரிக்க ஒரே கேள்வி போதும்: இப்போது ஒரு கிண்ணம் உப்புப் போட்ட கட்டித்தயிர் கொடுத்தால் சாப்பிடுவாளா? சாப்பிடுவேன் என்றால் நிஜப் பசி, அடுத்த வேளையை அரை மணி முன்னே கொண்டுவாருங்கள். தயிர் வேண்டாம், முறுக்கோ பிஸ்கட்டோதான் வேண்டும் என்றால் அது வாய். 100 மி.லி. தண்ணீரை மெதுவாக உறிஞ்சக் கொடுத்து 20 நிமிடம் பொறுங்கள், தாகமாக இருந்தால் அதிலேயே போய்விடும். முறுக்கு, மிக்சர், சிப்ஸ் எச்சிலில் கரைந்து வழுக்கிக்கொண்டு போகிறவை. மீன் 70 கிராமில் நிறைகிற அதே வயிறு மிக்சரை ஒரு கிண்ணம் வாங்கிக்கொள்ளும், நிறைந்ததாகவே காட்டாது. பின்னாளில் எடை திரும்ப ஏறுவதற்கு இது ஒரு முக்கியமான வழி, வீட்டில் அந்த டப்பாவே கண்ணில் படாமல் இருக்கட்டும்.

3 நாள் ஒரு நோட்டில் எழுதுங்கள்: என்ன சாப்பிட்டாள், எத்தனை கிராம், எத்தனை மணிக்குப் பசி, நடுக்கம் வந்தால் மீட்டர் என்ன காட்டியது. சர்ஜனிடம் போகும்போது அந்த நோட்டும் மாத்திரை அட்டைகளும் கையில் இருக்கட்டும். ஆறாவது மாத ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், பி12, வைட்டமின் டி, அல்புமின் ஐந்தும் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.