பரீரா (ரலி) நிக்காஹ் எப்படி முறிஞ்சுது? தெரிஞ்சவங்க சொல்லுங்க

கேள்வி:
ஸலாம். போன ஜும்ஆ பயான்ல பரீரா (ரலி) பத்தி கேட்டேன், ஆயிஷா (ரலி) வாங்கி விடுதலை பண்ணின அடிமைப் பொண்ணு, விடுதலையானதும் புருஷன் முகீஸ் வேணாம்னுட்டாங்க, அவரு மதீனா தெருவுல தாடி நனைய அழுதுக்கிட்டே பின்னாடி சுத்தியிருக்காரு. நபி (ஸல்) பேசிப் பாத்ததுக்கு இது கட்டளையான்னு கேட்டு, இல்ல சிபாரிசுதான்னதும் அப்ப எனக்கு அவர் தேவையில்லன்னு சொல்லிட்டாங்க. புருஷன் சொல்ற தலாக்கும் இல்ல, பொண்ணு கேட்டு வாங்கற குலாவும் இல்ல, பின்ன எப்படி முறிஞ்சுது?

பதில் 1:
வஅலைக்கும் ஸலாம் பாய். அதுக்கு கியார்னு பேரு, தேர்வு பண்ற உரிமை. அடிமையா இருக்கறப்ப எஜமான்தான் கட்டி வைப்பாரு, அவ சம்மதத்த பெரும்பாலான இமாம்கள் கேக்கவே இல்ல. விடுதலையானா இருக்கலாம், போகலாம். ஷாஃபி, மாலிக்கி மத்ஹப்ல (சட்டப் பள்ளிகள்ல) புருஷன் இன்னும் அடிமையா இருந்தா மட்டும்தான், ஏன்னா அவ அந்தஸ்து உயர்ந்துடுச்சு அவன் கீழயே இருக்கான். ஹனஃபி மத்ஹப்ல புருஷன் சுதந்திரமானவனா இருந்தாலும் உண்டு. அவங்க கணக்குல தலாக் எண்ணிக்கை பொண்ணோட நிலைய பொறுத்தது, அடிமைன்னா 2, விடுதலையானா 3, அதாவது அவனுக்கு அவ மேல பிடி கூடுது, அவள கேக்காம எப்படி கூட்டலாம்ங்கறாங்க. எனக்கு இந்த வாதம் ரொம்ப பிடிக்கும். முகீஸ் அப்ப அடிமையா இல்லையாங்கறதுலயே அறிவிப்புகள் மாறுது, சண்டையே அங்கதான் ஆரம்பம்.

கேள்வி கேட்டவர்:
ஜஸாகல்லாஹ். அப்ப எஜமானே தன் அடிமைப் பொண்ண நிக்காஹ் பண்ணலாமா?

பதில் 2:
சொந்தமா வச்சுக்கிட்டே பண்ண முடியாது, விடுதலை பண்ணிட்டுதான் பண்ணணும். கட்டின பொண்டாட்டிய விலைக்கு வாங்கினாலும் நிக்காஹ் போயிடும். ஆனா நிக்காஹ் இல்லாமலே எஜமான் அவகூட சேரலாம்னுதான் சட்டம் இருந்துச்சு, அவருக்கு புள்ள பொறந்தா புள்ள சுதந்திரம், அவ உம்மு வலத் (புள்ளையோட தாய்), விக்க முடியாது, அவர் மௌத்தானா விடுதலை. விக்கக்கூடாதுங்கறது உமர் (ரலி) காலத்து முடிவு, அலி (ரலி) பிறகு வேற கருத்துக்கு வந்ததா அறிவிப்பு இருக்கு. 813ல கலீஃபா ஆன மஃமூனோட அம்மா மராஜிலும் அடிமைப் பொண்ணுதான்.

பதில் 3:
எல்லாம் சரி, அந்த எஜமான் விஷயத்துல அவ சம்மதம் எங்க இருக்குன்னு யாரும் எழுதலயே. நான் ஒரு பொண்ணா படிக்கறப்ப அங்கதான் மனசு நின்னுடுது. பயான்ல முகீஸோட கண்ணீரத்தான் சொல்றாங்க, பரீராவ கட்டி வச்சப்ப அவங்கள யாராச்சும் கேட்டாங்களான்னு ஒரு தடவையாவது சொல்லுங்க.