கார்த்திகை மழையில குட்டி நிக்க மாட்டேங்குது, மேச்சேரி கிடா போடலாமா?

கேள்வி: கடலோர_பட்டி
உச்சிப்புளி பக்கம்ங்க. ராமநாதபுரம் வெள்ளை செம்மறி, பெட்டை 38, இனம் சேக்குற பொலிகிடா 1, வருசம் பூரா கிடா மந்தையோடயேதான் மேயும். போன கார்த்திகையில 21 குட்டி விழுந்து மழையில 9 போயிருச்சு, ஒண்ணு என் மடியிலயே நடுங்கி நடுங்கி அடங்கிருச்சு, இன்னும் மனசு ஆறல. மிச்சம் உள்ளதும் 3 மாசத்துல 8 கிலோ தாண்டல, யாவாரி இடுப்பத் தடவிப் பாத்துட்டு வெலையே சொல்லாமப் போறாரு. மேச்சேரி கிடா வாங்கிப் போட்டா எடை ஏறும்ங்குறாங்க, போடலாமா?

பதில்: சாயல்குடி_செம்மறி
தம்பி, இனத்துல கொறை இல்ல, மாசத்துலதான் கொறை. செம்மறிக்குச் சினை 5 மாசம், கார்த்திகையில குட்டின்னா ஆனியில சேந்திருக்கு. ஆனியில நம்ம காட்டுல மேய்ச்சல் ஏது? பெட்டை வத்திப்போயி சினை பிடிச்சு, குட்டியும் சேத்துல விழுந்தா எப்படி நிக்கும்.

நான் புரட்டாசியிலதான் கிடா விடுவேன். மாசியில குட்டி விழும், மழை ஓஞ்சு தரை காஞ்சிருக்கும், கரம்புல பச்சை கெடக்கும், தாய்க்கு மடி நெறஞ்சு குட்டி முட்டி முட்டிக் குடிக்கும். விடுறதுக்கு 3 வாரம் முன்னாடிலேருந்து பெட்டைக்கு 200 கிராம் கம்போ மக்காச்சோளமோ வைங்க, உடம்பு தேறுனா மந்தையே ஒண்ணாப் பருவத்துக்கு வரும். கோடையில ஒடமரத்துலேருந்து உதுர்ற ஒடங்காய் நெத்த சாக்குல சேத்து வச்சிருந்தா அதையும் சேத்துக்கலாம்.

பதில்: கடலோர_பட்டி
கிடாவத் தனியா மேய்க்க ஆள் இல்லண்ணே, நான் ஒருத்தன்தான்.

பதில்: சாயல்குடி_செம்மறி
தனியா எதுக்கு, வயித்துக்கு முன்னால சாக்குத்துணி தொங்குற மாதிரி கட்டி விடுங்க, ஏறுனாலும் சேராது. தெனமும் அவுத்துப் பாருங்க, மூத்திரம் பட்டுப் புண்ணாயிரும்.

பதில்: திருவாடானை_கிடை
அந்தக் கிடா உங்க மந்தையில பொறந்ததா? அப்பன் மகளோட சேந்தா குட்டி சவலையாத்தான் போகும், 2 வருசத்துக்கு ஒருதரம் வெளியூர்க் கிடா மாத்தியே ஆகணும். 38 பெட்டைக்கு ஒண்ணு பத்தாது, 25, 30க்கு ஒண்ணு வேணும். மேச்சேரி சேலம் பக்கத்து ஆடு, கறிக்கு விக்கிற குட்டிக்காக வேணும்னா போடுங்க, ஆனா தாய் மந்தைக்கு விடுற பெட்டைக்குட்டி வெள்ளையிலயே இருக்கட்டும், இந்த வெயிலும் உப்புக்காத்தும் அதுக்குத்தான் பழக்கம்.

அப்பறம் குட்டி விழுந்ததும் தொப்புள்ல அயோடின் தடவி ஒரு மணி நேரத்துக்குள்ள சீம்பால் குடிக்க வச்சிருங்க, குட்டிய அடைக்கிற கொடாப்புக்கு அடியில காஞ்ச மணல் போடுங்க. துள்ளுமாரி நோய்க்கான ஊசிய மழைக்கு முன்னாடியே போட்டுருங்க. மழைக்காலத்துல கொசு மாதிரி சின்னப் பூச்சி கடிச்சுத்தான் நீலநாக்கு நோய் வருது, சாயங்காலம் பட்டியில வேப்பந்தழ புகை போடுறத விட்றாதீங்க.

பதில்: கடலோர_பட்டி
ஆமாண்ணே, கிடா நம்ம மந்தையில பொறந்ததுதான், 4 வருசமா அதே கிடா. புரட்டாசிக்கு முன்னாடி வித்துட்டு வேற வெள்ளக் கிடா ரெண்டு பாக்குறேன். உங்க பக்கம் ரெண்டு பல்லு போட்ட கிடா யார்கிட்டயாவது இருந்தா சொல்லுங்க, நேர்ல வந்து பாக்குறேன்.